இருபது வருடச் சேவை, 39 வயதில் ஓய்வு: ஒரு அமெரிக்க சார்ஜென்ட்டின் கணக்கு

அமெரிக்கப் படைகளில் இருபது வருடம் முழுதாகப் பணியாற்றியவருக்கு ஓய்வூதியம் உடனே தொடங்கிவிடும். அறுபது வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் நாற்பதைத் தொடும் முன்பே ஓய்வூதியதாரர் ஆகிவிடுவார். இளமையிலேயே வேலையிலிருந்து விடுபட நினைக்கும் பலர் ராணுவத்தை நோக்கிப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். "இருபது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் போதும், அப்புறம் ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று அங்கே சாதாரணமாகச் சொல்வார்கள். இதை நம்பிப் பணத்தை எல்லாம் செலவழித்துவிட்டு இருபதாவது வருடத்தில் வெளியே வருபவர், அடுத்த மாதமே வேலை தேட வேண்டியிருக்கும். ஏன் என்பதை ஒரு முழுக் கணக்கு போட்டே பார்க்கலாம்.

இங்கே வருபவர் ஒரு தனி மனிதர் அல்லர். உண்மையான விதிகளை ஒரு வாழ்க்கையின் மேல் பொருத்திப் பார்ப்பதற்காக அமைத்த மாதிரி. 2006-இல் பத்தொன்பது வயதில் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்கிறார். நடுவில் திருமணம், இரண்டு குழந்தைகள். 2026-இல் இருபது வருடம் முடியும்போது ஈ-7 நிலையில், அதாவது சார்ஜென்ட் முதல் வகுப்பில் இருக்கிறார். சார்ஜென்ட் என்றே அவரைக் குறிப்பிடுகிறேன்.

ஓய்வூதியம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது

அவர் சேர்ந்த காலத்து முறைக்கு 'ஹை-3' என்று பெயர். அதிகச் சம்பளம் வாங்கிய 36 மாதங்களின் அடிப்படைச் சம்பளத்துக்குச் சராசரி எடுத்து, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அதில் 2.5 சதவீதம் தருவார்கள். இருபது வருடத்துக்கு 50 சதவீதம். சார்ஜென்ட்டின் சராசரி அடிப்படைச் சம்பளம் மாதம் 5,600 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஓய்வூதியம் 2,800 டாலர். வருடத்துக்கு 33,600.

'பாதிச் சம்பளம்' என்று இதைச் சொல்லும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பாதி என்பது அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அவருடைய குடும்பம் இத்தனை நாள் வாழ்ந்தது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் இல்லையே. வீட்டு வாடகைப்படி, உணவுப்படி இரண்டும் தனியாக வந்தன, இரண்டுக்கும் வருமான வரி கிடையாது. வாடகைப்படி ஊருக்கு ஊர் மாறும். 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உணவுப்படி சுமார் 465. ஆக மாதம் 8,065 டாலர் வந்துகொண்டிருந்த வீட்டில் ஒரே நாளில் 2,800 ஆகிறது. பாதி என்று நினைத்தது மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது.

அதற்காக இந்த ஓய்வூதியத்தைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து வருடாவருடம் உயர்கிற வருமானம் இது. 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை மோசமாகச் சரிந்தபோது, விலைவாசியைக் கணக்கில் கொண்டு 2023 தொடக்கத்தில் படை ஓய்வூதியம் 8.7 சதவீதம் உயர்ந்தது. முதலீட்டை நம்பி ஓய்வு பெற்றவர் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் வருடம் சேமிப்பில் நான்கு சதவீதம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி எடுக்கலாம் என்று 1994-இல் நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் சொன்ன நான்கு சதவீத விதிப்படி பார்த்தால், வருடம் 33,600 டாலர் எடுக்க 8.4 லட்சம் டாலர் முதலீடு தேவை. ஆனால் பெங்கனின் கணக்கு முப்பது வருட ஓய்வுக்குப் போட்டது. 39 வயதில் ஓய்வு பெறுபவருக்கு ஐம்பது வருடம்கூட முன்னால் இருக்கலாம். அதனால் 3.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் அந்த ஓய்வூதியத்துக்கு ஈடான தொகை 9.6 லட்சம் டாலர். ஒரு சார்ஜென்ட் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இருபது வருடத்தில் இவ்வளவு சேர்ப்பது மிகக் கடினம்.

முதல் நான்கு வருடம்

சிப்பாய் வாழ்க்கையின் தொடக்கத்தில் சம்பளம் குறைவு, செலவு அதைவிடக் குறைவு. பாரக்ஸில் படுக்கை, மெஸ்ஸில் சாப்பாடு, சீருடை, மருத்துவம் எல்லாம் படையே பார்த்துக்கொள்ளும். இருபது வயதில் வாடகை கொடுக்காமல், மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் கட்டாமல் மாதச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் அந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறார்கள்? அந்தப் பணம் பெரும்பாலும் புதுக் காரின் மாதத் தவணையாகப் போய்விடுகிறது. பல படைத்தளங்களின் வாசலை ஒட்டியே கார் விற்பனைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. படைவீரர்களுக்குக் கொடுக்கும் பலவகைக் கடன்களுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று 2006-இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சட்டமும் காரை அடமானமாக வைத்தே கார் வாங்கும் கடனைத் தொடவில்லை.

நம் சார்ஜென்ட் முதல் நான்கு வருடம் மாதம் 400 டாலர் சேமிக்கிறார். அரசு ஊழியர்களுக்கான சேமிப்புத் திட்டமான டி.எஸ்.பி. 2002-இல்தான் படைவீரர்களுக்குத் திறந்தது. அதில் உள்ள சி ஃபண்ட், அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் குறியீட்டைப் பின்தொடர்வது. கட்டணம் மிகக் குறைவு. ஹை-3 காரர்களுக்கு அரசு தன் பங்காக எதுவும் போடாது. இருந்தும் அவர் போடுகிறார். அடுத்த ஆறு வருடம் மாதம் 800, கடைசிப் பத்து வருடம் 1,500.

வருடத்துக்கு 7 சதவீத வளர்ச்சி என்று கணக்கிடுவோம். இந்தக் காலகட்டத்தில் 2008-இன் சரிவையும் சேர்த்துப் பார்த்தால்கூட அமெரிக்கச் சந்தை இதைவிட நன்றாகவே வளர்ந்தது. ஆனாலும் கடந்துபோன நல்ல காலத்தைத் திட்டத்துக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை. மொத்தம் அவர் போட்டது 2,56,800 டாலர். இருபதாவது வருடத்தில் கையில் இருப்பது ஏறத்தாழ 4.47 லட்சம். முதல் நான்கு வருடத்தில் போட்ட 19,200 டாலர் மட்டும் 63,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

நடுவில் 2010-இல் ஆப்கானிஸ்தானுக்கு ஒரு வருடம் போகிறார். போர்க்களத்தில் இருக்கும் மாதங்களுக்குச் சிப்பாய், சார்ஜென்ட் நிலையில் இருப்பவர்களின் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆபத்துப்படி மாதம் 225 டாலர், குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கு 250 டாலர் அன்று கூடுதலாக வந்தது. அங்கே இருப்பவர்கள் மட்டும் பயன்படுத்தக்கூடிய ஒரு சேமிப்புத் திட்டம் பத்தாயிரம் டாலர் வரை 10 சதவீத வட்டி தருகிறது. வங்கி வட்டி ஒரு சதவீதத்துக்கும் கீழே கிடந்த காலத்தில் 10 சதவீதம்! இத்தனையும் கிடைத்தாலும், போர்க்களத்துக்குப் போவதைப் பணம் சேர்க்கும் வழியாக எழுத எனக்குக் கை வரவில்லை. திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்தும் தூக்கம் வராதவர்கள் அதைவிட அதிகம். போக நேர்ந்தால் அந்தப் பணத்தை வீணாக்காமல் வைத்திருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

பன்னிரண்டாவது வருடம்

இந்தக் கணக்கின் இதயம் 2018. சார்ஜென்ட்டுக்கு 31 வயது. முழங்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றம். ஒவ்வொரு மாற்றத்திலும் மனைவி வேலையை விட்டுவிட்டுப் புது ஊரில் முதலிலிருந்து தொடங்குகிறார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுகளிலேயே, வேலை செய்ய விரும்பும் படைவீரர்களின் மனைவி, கணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலை கிடைப்பதில்லை. சம்பளச் சீட்டில் இந்த இழப்பு தெரியாது. ஆனால் இரண்டாவது வருமானம் விட்டு விட்டு வரும் குடும்பத்தின் இருபது வருடக் கணக்கில், மற்ற எல்லாச் சலுகைகளையும் இது தின்றுவிடக்கூடும். இந்த வழியைப் புகழ்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்த வருடம்தான் புதிய கலப்பு ஓய்வூதிய முறை அமலுக்கு வந்தது. 2017 இறுதியில் பன்னிரண்டு வருடத்துக்கும் குறைவான சேவை உள்ளவர்கள் விரும்பினால் அதற்கு மாறலாம், மாறினால் திரும்ப முடியாது. சார்ஜென்ட் நூலிழையில் அந்தத் தகுதிக்குள் வருகிறார். புதிய முறையில் வருடத்துக்கு 2.5 சதவீதம் 2 சதவீதமாகக் குறையும். அதற்கு ஈடாக அரசு டி.எஸ்.பி.யில் அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம் வரை போடும். சேவையைத் தொடர்வதற்கு ஒருமுறை ஊக்கத்தொகையும் உண்டு.

அவர் முன் இருந்த கேள்வி இதுதான்: நான் இருபது வருடம் இருப்பேனா? இருந்தால் பழைய முறையில் மாதம் 2,800, புதிய முறையில் 2,240. வித்தியாசம் வருடத்துக்கு 6,720 டாலர். நான்கு சதவீத விதிப்படி அதற்கு ஈடு 1.68 லட்சம். அரசு எட்டு வருடம் போடும் பணம், ஊக்கத்தொகை, இரண்டின் வளர்ச்சி எல்லாம் சேர்ந்தாலும் ஏறத்தாழ 44,000 டாலர்தான் தேறும். ஆகவே கடைசி வரை இருப்பவருக்குப் பழைய முறையே மேல். பதினான்காவது வருடத்தில் விலகினால் நிலைமை தலைகீழ். பழைய முறையில் ஓய்வூதியம் பூஜ்யம், புதிய முறையில் அரசு போட்டதாவது கையோடு வரும்.

எல்லோரும் கடைசி வரை இருப்பார்களா? படையில் சேர்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் இருபது வருடத்தை எட்டுகிறார். அதிகாரிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேர் எட்டுகிறார்கள், மற்ற நிலைகளில் ஆறில் ஒருவர். விலகுபவர்கள் எல்லோரும் விரும்பி விலகுவதில்லை. குறிப்பிட்ட வருடத்துக்குள் பதவி உயர்வு கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டும், உடல்நலம் கெட்டால் வெளியேற வேண்டும், ஆள்குறைப்பு வந்தால் வெளியேற வேண்டும். பதினெட்டு வருடத்தைத் தாண்டியவரை இருபது முடியும் முன் பொதுவாக வெளியேற்ற முடியாது என்று சட்டம் பாதுகாப்பு தருகிறது. அதற்கு முன் அந்தப் பாதுகாப்பு இல்லை.

சார்ஜென்ட் பழைய முறையிலேயே இருந்துவிடுகிறார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதற்குக் காரணம் அவருடைய மன உறுதியைவிட, அதுவரை அவர் சேர்த்திருந்த பணம். அன்றே விலக நேர்ந்தாலும் அவர் தெருவில் நிற்க மாட்டார். இருபது வருடம் என்ற பந்தயத்தில் துணிந்து நிற்கும் தைரியம், அந்தப் பந்தயத்தில் தோற்றாலும் தாங்கக்கூடியவருக்குத்தான் வருகிறது. கையில் ஒன்றும் இல்லாமல் பன்னிரண்டாவது வருடத்தில் நிற்பவர், பிடிக்காத வேலையில், உடைந்துகொண்டிருக்கும் உடம்போடு, ஓய்வூதியத்துக்காக மட்டும் எட்டு வருடத்தை எண்ணிக்கொண்டிருப்பார். அதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை.

விலகத்தான் வேண்டும் என்று முடிவு செய்பவருக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: ரிசர்வ் படை அல்லது தேசியக் காவல் படை. அங்கே கணக்கு புள்ளிகளில் நடக்கும். பன்னிரண்டு வருட முழுநேரச் சேவைக்கு நாளுக்கு ஒன்று வீதம் சுமார் 4,380 புள்ளி. அப்புறம் எட்டு வருடம் மாதத்தில் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் போய் வந்தால் வருடத்துக்கு 75 என்று வைத்தாலும் 600 புள்ளி. மொத்தத்தை 360-ஆல் வகுத்தால் 13.8 வருடம், ஹை-3 முறையில் 34.6 சதவீதம். இது பொதுவாக அறுபது வயதில்தான் தொடங்கும். பன்னிரண்டு வருடச் சேவையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு வருவதற்கு இது எவ்வளவோ மேல். விலகும் அவசரத்தில் பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

39 வயதில்

இப்போது இருபது வருடம் முடிந்துவிட்டது. ஓய்வூதியம் ஓய்வு பெற்றவரின் மரணத்தோடு நின்றுவிடும். மனைவிக்குத் தொடர வேண்டுமானால் குடும்பப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர வேண்டும். அதற்குப் பிரீமியம் ஓய்வூதியத்தில் 6.5 சதவீதம், அதாவது 182 டாலர். அவர் இறந்தால் மனைவிக்கு 55 சதவீதம், 1,540 டாலர், அதுவும் விலைவாசியோடு உயர்ந்துகொண்டே வரும். சேர வேண்டாம் என்றால் மனைவியும் கையெழுத்திட வேண்டும். காப்பீட்டு முகவர்கள் இதைவிட மலிவான பாலிசி என்று ஒன்றைக் காட்டுவார்கள். இரண்டாவது வருமானத்தை ஊர் ஊராகத் தொலைத்துவிட்டு வந்த மனைவிக்கு, விலைவாசியோடு உயரும் ஆயுள்கால வருமானத்தை அந்தப் பாலிசி தராது. சார்ஜென்ட் சேர்கிறார். ஓய்வூதியம் மாதம் 2,618, வருடம் 31,416.

வரியில் ஒரு நல்ல செய்தி. 2025-இல் தம்பதிகளுக்கான நிலையான கழிவு 31,500 டாலர். வேறு வருமானம் இல்லாவிட்டால் மத்திய அரசுக்கு வரியே இல்லை. பல மாநிலங்களும் படை ஓய்வூதியத்துக்கு வரி போடுவதில்லை.

சேமிப்பு 4.47 லட்சத்திலிருந்து 3.5 சதவீதம் எடுத்தால் வருடம் 15,645. இரண்டும் சேர்த்து 47,061 டாலர். குடும்பத்தின் செலவு 60,000 என்றால் பற்றாக்குறை சுமார் 13,000. முழு ஓய்வு இல்லை. ஆனால் கணவன், மனைவி இருவரில் ஒருவர் மாதம் ஆயிரத்துச் சொச்சம் டாலர் சம்பாதித்தால் குடும்பம் நடக்கும். பிடித்த வேலையைப் பாதி நேரம் செய்யலாம். பிடிக்காத முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்லலாம். என் பார்வையில் இருபது வருடத்தின் உண்மையான பலன் இதுதான், இது சின்ன விஷயம் இல்லை.

அதே சார்ஜென்ட் முதல் பத்து வருடம் ஒன்றும் சேமிக்காமல் கடைசிப் பத்து வருடம் மட்டும் மாதம் 1,500 சேமித்திருந்தால், கையில் 2.49 லட்சம் இருக்கும். எடுக்கக்கூடியது வருடம் 8,700. பற்றாக்குறை 20,000-ஐ நெருங்கும். ஒன்றுமே சேமிக்காதவருக்குப் பற்றாக்குறை 28,500-க்கு மேல்.

இன்னொரு சிக்கலை முன்பே யோசிக்க வேண்டும். டி.எஸ்.பி.யில் இருக்கும் பணத்தைப் பொதுவாக 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. 55 வயதில் பணியை விட்டவருக்குச் சலுகை இருக்கிறது, 39 வயதுக்காரருக்கு அது இல்லை. குறிப்பிட்ட தவணைகளில் வருடாவருடம் எடுக்கும் ஒரு வழி உண்டு. தவணையைப் பிசகவிட்டால் அபராதம். ஆகவே சேமிப்பு எல்லாவற்றையும் அங்கே வைக்காமல், ஒரு பகுதியை வரி கட்டிய பணத்தைப் போடும் தனிநபர் ஓய்வுச் சேமிப்பான ராத் ஐ.ஆர்.ஏ. கணக்கில் போட்டிருந்தால் அதில் போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் வரியில்லாமல் எடுக்கலாம். இன்னொரு பகுதி சாதாரண முதலீட்டுக் கணக்கில் இருக்கலாம். இருபது வருடத்துக்கான பாலத்தைக் கட்டும் பணம் இவை இரண்டும்தான்.

மருத்துவம் இந்த வழியின் பெரும் பலம். அமெரிக்காவில் நாற்பதில் வேலையை விடத் துணிபவர்களை இரவில் விழிக்க வைப்பது மருத்துவக் காப்பீடு. படையிலிருந்து ஓய்வு பெற்றவர் படையின் மருத்துவக் காப்பீடான டிரைகேரில் தொடரலாம். 2018-க்கு முன் சேர்ந்தவருக்கு அதன் பிரைம் திட்டத்தில் முழுக் குடும்பத்துக்கும் வருடச் சேர்க்கைக் கட்டணம் ஆயிரம் டாலருக்குள்தான். 65 வயதில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்குத் துணையாக அது தொடரும். மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் காப்பீட்டுக்கே கட்டும் குடும்பங்கள் சாதாரணமாக இருக்கும் நாட்டில், இதை 4.47 லட்சத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் படிப்புக்கு ஜி.ஐ. பில் என்ற படைவீரர் கல்வி உதவித் திட்டம் இருக்கிறது: 36 மாதம், அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநிலவாசிகளுக்கான முழுக் கட்டணம். ஆறு வருடச் சேவை முடித்தவர் இன்னும் நான்கு வருடம் இருப்பதாக ஒப்புக்கொண்டு, பணியில் இருக்கும்போதே குடும்பத்துக்கு மாற்றி எழுத வேண்டும். வெளியே வந்த பிறகு புதிதாக மாற்ற முடியாது. சார்ஜென்ட் பத்தாவது வருடத்திலேயே எழுதிவிட்டார். பின்னால் மாதங்களை எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொள்ளலாம் என்பதால், இரண்டு பிள்ளைகளின் பெயரிலும் ஒரு மாதமாவது போட்டு வைப்பது வழக்கம்.

2018-க்குப் பிறகு சேர்ந்தவருக்கு

இன்று சேருபவருக்குத் தேர்வே கிடையாது, கலப்பு முறைதான். அவருடைய கணக்கில் ஓய்வூதியம் 40 சதவீதம். சொந்தமாக 5 சதவீதம் போட்டால்தான் அரசின் முழு 5 சதவீதமும் வரும். அரசு ஈடாகப் போடும் பங்கு இரண்டு வருடம் முடிந்த பிறகே தொடங்குகிறது. ஐந்தில் நான்கு பேர் இருபது வருடம் இருக்கப்போவதில்லை என்பதால், பெரும்பாலானவர்களுக்கு இது பழைய முறையைவிட நியாயமானது. கடைசி வரை இருப்பவருக்கோ சொந்தச் சேமிப்பின் பங்கு இன்னும் பெரிதாகிறது. ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் 25 அல்லது 50 சதவீதத்தை முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு வாய்ப்பு வைத்திருக்கிறார்கள். கழிவு போக வரும் அந்தத் தொகைக்காக, சமூகப் பாதுகாப்பு எனப்படும் அரசு முதியோர் ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்கும் வயது வரை மாத வருமானத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 39 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அந்த இடைவெளி கிட்டத்தட்ட முப்பது வருடம். அந்தக் கட்டத்தில் டிக் போடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்வேன்.

முழங்கால் விஷயம் மீதம் இருக்கிறது. சேவையில் ஏற்பட்ட காயத்துக்கும் நோய்க்கும் படைவீரர் நலத்துறை தரும் இழப்பீட்டுக்கு வரி இல்லை. இருபது வருடம் முடித்தவருக்கு 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று மதிப்பிட்டால், ஓய்வூதியமும் இழப்பீடும் இரண்டும் முழுதாகக் கிடைக்கும். இந்தத் தொகையை நான் சார்ஜென்ட்டின் கணக்கில் சேர்க்கவில்லை. உடம்பு கெடுவதை வருமானமாக வைத்துத் திட்டம் போடக் கூடாது. ஆனால் வலியைச் சொல்ல வெட்கப்பட்டு மருத்துவரிடமே போகாமல் இருபது வருடம் ஓட்டியவர்கள், கடைசியில் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லாமல் நிற்கிறார்கள். வலித்த அன்றே மருத்துவப் பதிவில் ஏற்றிவிட வேண்டும். விண்ணப்பத்தை வெளியேறும் நாளுக்கு 180 முதல் 90 நாள் முன்பே கொடுத்துவிட்டால், பணியில் இருக்கும்போதே பரிசோதனைகள் தொடங்கிவிடும்.